ஏ.டி.வி. ரேடியேட்டரை மேலே ஏற்றும் கிட்: வாங்கலாமா?

கேள்வி: என் ஏ.டி.வி.யில் (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) ரேடியேட்டர் முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. சேற்றில் இறக்கினால் அடைத்துக்கொண்டு டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது. ரேடியேட்டரை முன் கேரியர் மேல் ஏற்றி வைக்கும் கிட் விற்கிறார்கள். வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மாட்டலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு இது எட்டாத வேலை இல்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன், இப்போதிருக்கும் ரேடியேட்டரை ஒழுங்காகக் கழுவினால் சூடு அடங்குகிறதா என்று பாருங்கள். பலரும் முன்பக்கமிருந்து பிரஷர் வாஷரால் அடிக்கிறார்கள். சேறு இன்னும் உள்ளே போய் இறுகுகிறது; மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்று போகும் வழியும் அடைபடுகிறது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஃபேனைக் கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். முன்னால் வழியும் தண்ணீர் தெளியும்வரை விடுங்கள். பிறகு பின்னாலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் தகடுகளின் இடுக்கு வழியே முழுக்கத் தெரிய வேண்டும். இதிலேயே சரியாகிவிட்டால் கிட்டுக்குச் செலவழிக்காதீர்கள்.

சேறுதான் உங்கள் வழக்கமான பாதை என்றால் கிட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை சேற்றில் இறங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கேரியரில் சாமான் வைக்கும் இடம் போய்விடும், ரேடியேட்டரின் வெப்பக் காற்று நேராக ஓட்டுபவர் மேல் அடிக்கும், எதிரே பார்வையும் கொஞ்சம் மறையும்.

வாங்குவதென்றால், உங்கள் வண்டியின் மாடலுக்கும் வருடத்துக்கும் என்று செய்த கிட்டையே வாங்குங்கள். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்பதில் பிராக்கெட் பொருந்தினாலும் ஹோஸின் வளைவு பொருந்தாது. நான் முதலில் பார்ப்பது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றும் வாய் எங்கே இருக்கிறது என்பதைத்தான். மாட்டி முடித்த பிறகு, மொத்தக் கூலிங் அமைப்பிலும் அதுதான் உச்சியில் இருக்க வேண்டும். ஹோஸ் அதைவிட உயரமாக ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்று தங்கி கூலன்ட் ஓட்டத்தைத் தடுக்கும்.

அடுத்தது ஹோஸ். கூலன்டுக்கென்றே செய்த ரப்பர் அல்லது சிலிகான் ஹோஸா என்று கேளுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுசாகத் திருப்பியும் சஸ்பென்ஷனை அமுக்கியும் பாருங்கள். ஹோஸ் எதிலும் உரசக் கூடாது, சைலன்சர் குழாய்ப் பக்கமே போகக் கூடாது. ஃபேன் வயரை நீட்டும் துண்டு, பழைய வயரின் தடிமனுக்குக் குறையாமல், தண்ணீர் புகாத கனெக்டருடன் வர வேண்டும். ஃபியூஸ் பழைய அளவிலேயே இருக்கட்டும்.

ரேடியேட்டர் மூடியை மலிவான ஒன்றுக்கு மாற்றிவிடாதீர்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் ஏறக்குறைய 129 டிகிரி வரை கொதிக்காது. அந்த இடைவெளிதான் சேற்றில் இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

வடிக்கும் கூலன்டைப் பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்தால் உயிரே போய்விடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

கேள்வி: கிட் மாட்டியாகிவிட்டது. ஓடும்போது பரவாயில்லை, நின்றால் முன்பைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது. கிட்டில் கோளாறா? திருப்பிக் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஃபேனைப் பாருங்கள். வயரை நீட்டும்போது இரண்டு வயர்களும் மாறியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுக்க வேண்டும். அது ஓடும்போது முன்பக்கத் தகட்டில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் சரி, பறந்து விழுந்தால் வயரை மாற்றுங்கள்.

ஃபேன் சரியாக இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். வண்டி முழுக்க ஆறிய பிறகு, முன்சக்கரம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸ் சூடேறுவதற்குள் அதைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். ஹோஸ் நீண்டிருப்பதால் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். குமிழி நின்றதும் மூடிவிட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். மறுபடி ஆறியதும் மட்டத்தைப் பாருங்கள். சில இன்ஜின்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகு உண்டு. வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் சூடேறினால், அப்போது விற்றவரிடம் பேசுங்கள். மாட்டிய நிலையில் எடுத்த போட்டோக்களும் பில்லும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: இதனால் வண்டியின் வாரண்டி போய்விடுமா?

வாரண்டிப் பத்திரத்தில் ‘மாற்றியமைத்தல்’ பற்றிய பகுதியை வரிவிடாமல் படியுங்கள். கிட் மாட்டிய பிறகு சூட்டால் இன்ஜின் பழுதானால், நிறுவனம் கிட்டைக் காரணம் காட்டி மறுக்கக்கூடும். வாரண்டிக் காலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால், மாட்டுவதற்கு முன் டீலரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பழையபடி மாட்ட வேண்டிவந்தாலும், வண்டியை விற்கும்போதும் அவை தேவைப்படும்.