செல்லுக்கும் தீனி வேண்டும்

கேள்வி: ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சி பெருகிவிட்டால் ஆடு, மாடு, கோழிப் பண்ணைகளே தேவைப்படாது, உலகின் புரதத் தேவையும் தீர்ந்துவிடும் என்கிறார்களே. உண்மையா?

பதில்: இறைச்சி வளர்வது உண்மை. புரதத் தேவை தீரும் என்பதுதான் கணக்கில் இடிக்கிறது.

விலங்கின் தசையில் சிறு துணுக்கை எடுத்து, பெருகக்கூடிய செல்களைப் பிரித்து, 37 டிகிரி வெப்பத்தில் தொட்டியிலுள்ள ஊட்டக் கரைசலில் வளர்க்கிறார்கள். அந்தக் கரைசலில் என்ன இருக்கிறது? குளுக்கோஸ், உப்புகள், வைட்டமின்கள், வளர்ச்சிக் காரணிகள் (செல்லைப் பெருகத் தூண்டும் புரதங்கள்), கூடவே அமினோ அமிலங்கள். அதாவது, புரதத்தின் செங்கற்கள். இவற்றில் 9 வகைகளை விலங்குச் செல்லால் தானாகச் செய்துகொள்ள முடியாது. மாட்டுக்கு அவற்றை வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் வெறும் புல்லிலிருந்தே ஆக்கிக் கொடுத்துவிடும். தொட்டிக்கு நாம்தான் ஊற்ற வேண்டும். புரதம் போட்டுப் புரதம் எடுக்கும் வேலை! பண்ணைக் கோழிக்கும் இது பொருந்தும்தான். ஆனால் கோழி தவிட்டையும் தின்னும், செல்லுக்குச் சுத்திகரித்தது மட்டுமே ஆகும்.

ஏன் அத்தனை சுத்தம்? தசைச் செல் இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள். பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். தொட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது; ஒரு கிருமி நுழைந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த கரைசலைப் பயன்படுத்தினால், கடையில் விற்கும் மாட்டிறைச்சியைவிட 4 முதல் 25 மடங்கு வரை கரியமில வாயுச் சுமை ஏறலாம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வர்கள் 2023இல் கணக்கிட்டார்கள். உணவுத் தரமே போதும் என்றால் சுமை வெகுவாக இறங்கும். எல்லோரும் மல்லுக்கட்டுவது அதற்குத்தான்.

அடுத்தது அளவு. மில்லிலிட்டருக்கு 1 கோடி செல் என்று வையுங்கள். ஒரு செல்லின் எடை 2 அல்லது 3 நானோகிராம் (நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). லிட்டருக்கு 25 கிராம் தேறும். கிலோவுக்கு 40 லிட்டர் கரைசல். நெருக்கி வளர்த்தால் லாக்டிக் அமிலமும் அம்மோனியாவும் தேங்கி வளர்ச்சி நின்றுபோகும். ஆக்சிஜனுக்காகக் காற்றை ஊதி வேகமாகக் கலக்கினால், குமிழி வெடிக்கும் அதிர்விலேயே செல் கிழியும். ரத்தக் குழாய் இல்லாததால், திசு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் நடுவிலிருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். கொத்துக்கறிபோல எளிதாக வருவது, முழுத் துண்டமாக வர மறுப்பது இதனால்தான்.

சிங்கப்பூர் 2020 டிசம்பரிலேயே விற்பனைக்கு அனுமதி தந்தது. 2024இல் அங்கே கடைக்கு வந்த பொட்டலத்தில் கோழிச் செல் 3 விழுக்காடு. மீதியில் பெரும்பங்கு தாவரப் பொருள்!

தொட்டிப் புரதம்தான் வேண்டுமென்றால் பூஞ்சையைக் கேளுங்கள். சர்க்கரையும் அம்மோனியாவும் சில தாது உப்புகளும் கொடுத்தால் அமினோ அமிலங்களைத் தானே கட்டிக்கொள்ளும். சில மணி நேரத்தில் இரட்டிக்கும். பிரிட்டனில் 1985 முதல் விற்கிறார்கள். அதற்கு ஏனோ இத்தனை விளம்பரம் இல்லை.