மம்பட்டியோடு மலையேறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

போன ஜூலையில் பதினொரு பேர் பையும் மம்பட்டியும் தூக்கிக்கொண்டு, ஹப்புத்தளைப் பக்கம் ஒரு பழைய தோட்டப் பாதையை மூன்று நாள் திருத்திவிட்டு வந்தோம். படத்தைப் பார்த்தவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இது. முப்பது வருசம் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகம் பார்த்தவன் நான். வேறு தகுதி கிடையாது.

நடக்கிற பாதைக்கு என்ன பராமரிப்பு ஐயா? புல்லை வெட்டிவிட்டால் போதாதா? (கொழும்பு)

புல் வெட்டுவது கடைசி வேலை, தம்பி. பாதையைத் தின்பது தண்ணீர். மழை பாதை வழியே இறங்கப் பழகிவிட்டால், இரண்டு மழைக்காலத்தில் பாதை ஓடையாகிவிடும். நடக்கிறவர் சேற்றுக்குப் பயந்து ஓரத்தை மிதிப்பார், ஓரம் இடியும், பாதை இன்னும் அகலும். வளைவில் குறுக்கு வழி பிடித்து இறங்குகிறவர்கள் இதை விரைவாக்குகிறார்கள்.

ஆகவே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துப் பக்கம் இறக்கிவிட வேண்டும். தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டுகிற அதே கணக்குதான். நீளமான கல்லாகப் பார்த்து, நேர் குறுக்கே வைக்காமல் சாய்வாகப் பதிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். ஒரு முனை மேட்டுச் சரிவுக்குள் புதைந்திருக்க, மறுமுனை பாதை ஓரத்தைத் தாண்டி நிற்க வேண்டும்.

இப்படி ஒரு கல்லை ஒரு மணி நேரம் பாடுபட்டு வைத்துவிட்டு நாங்கள் பெருமையாக நின்றோம். கூட வந்த அக்கா ஒருவர், கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், கேத்தலில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக் கல்லுக்கு மேற்பக்கம் ஊற்றினார். அது கல்லோடு ஒட்டி ஓடி, ஓரத்துக்கு வந்ததும் தயங்கி, திரும்பவும் பாதைக்குள்ளேயே வந்தது. "வாய் அடைச்சிருக்கு" என்றார். தோண்டிய மண்ணை நாங்களே அந்த வாயில்தான் கொட்டி வைத்திருந்தோம்.

என்னென்ன கொண்டுவர வேண்டும்? (யாழ்ப்பாணம்)

மம்பட்டி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, விழுந்த மரத்துக்கு ஒரு கைவாள். பத்துப் பேருக்கு இரண்டு அலவாங்கு (கடப்பாரை) போதும். கனமானது, முறை வைத்துத் தூக்குங்கள். சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, நெத்தலி. தேங்காய்ச் சம்பல் மறுநாளே புளித்துவிடும், கட்டைச் சம்பல் தாங்கும். ரொட்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கூடாரத்துக்கு மேலே போட ஒரு படங்கும் கட்டாயம்.

அட்டைக்கு என்ன செய்வது?

அட்டைக் காலுறை போட்டு, அதன் மேல் சவர்க்காரம் பூசுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல், நகத்தை வாய்ப்பக்கம் நுழைத்து வழித்துவிடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

எந்த மாதம் நல்லது அண்ணே? மண்சரிவு பயமாக இருக்கிறது. (பதுளை)

எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். உங்கள் ஊவாவில் அந்த நடு வருடம்தான் காய்ந்திருக்கும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஒக்டோபர், நவம்பரில் மலையகத்தில் எங்கேயும் வேண்டாம். மீரியபெத்த தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, மண் மூடியது 2014 ஒக்டோபர் 29. டிட்வா புயல் வந்ததும் 2025 நவம்பர் கடைசியில்.

புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். வழியில் தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இதில் ஒன்றைக் கண்டாலும் மண்ணில் மம்பட்டியை வைக்காதீர்கள், திரும்பி வாருங்கள். அந்த மாதிரி இடம் தொண்டர் வேலைக்கு உரியது அல்ல.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். தோட்டப் பாதைக்குத் தோட்ட நிர்வாகம், நக்கிள்ஸ் காட்டுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம், ஹோர்ட்டன் சமவெளிக்கு வனஜீவராசிகள் திணைக்களம். ஒருமுறை நாங்கள் கேட்காமல் திருப்பிவிட்ட தண்ணீர் கீழே ஒருவருடைய போஞ்சிப் பாத்திக்குள் போய்விட்டது. அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நியாயமான பேச்சுதான்.

பீகோ ட்ரெயிலில் நடந்தேன். அதற்கும் உதவலாமா? (கண்டி)

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிற வழி அது. பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள். அதாவது தங்கச்சி, அவற்றில் இன்றும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கொழுந்து மூட்டை போகிறது. எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று லயத்து ஆட்களைக் கேளுங்கள். முடிந்தால் அவர்களில் இரண்டு பேரை நாள் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். இலவசமாக வேலை செய்ய வருகிற நம்மைவிட அவர்கள் கை வேகம்.

பண்டாரவளைப் பிள்ளை நான், இப்போது அமெரிக்காவில் படிக்கிறேன். அரிசோனா ட்ரெயிலில் ஒரு வாரத் தொண்டுக்குப் போகிறேன். அங்கேயும் இதே வேலைதானா?

கல் பதிக்கிற வேலை அதேதான் மகள். மற்றதெல்லாம் தலைகீழ். மெக்சிக்கோ எல்லையிலிருந்து யூட்டா எல்லை வரை கிட்டத்தட்ட 1,290 கிலோமீட்டர் போகிற பாதை அது. நமக்குத் தண்ணீரை வெளியேற்றுவது பாடு, அங்கே குடிதண்ணீரைச் சுமப்பது பாடு. வெயிலில் வேலை செய்ய ஒரு நாளைக்கு 4 லீட்டராவது வேண்டும், அதுவே 4 கிலோ. அப்புறம், மழையே இல்லை என்று ஏமாற வேண்டாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இடிமழை வந்தால் காய்ந்த ஓடையில் திடீர் வெள்ளம் பாயும், ஓடைக்குள் கூடாரம் அடிக்காதீர்கள். சோயா (cholla) என்ற கள்ளி தொட்டதும் துண்டாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்காமல் தலைவாரும் சீப்பால் தள்ளிவிட வேண்டும். எனவே சீப்பை மறக்காதீர்கள்.

அடுத்தது எப்போது? நானும் வரலாமா? (ஹட்டன்)

பெப்ரவரியில், மஸ்கெலியா பக்கம். வாருங்கள், கத்தியைத் தீட்டிக்கொண்டு வாருங்கள். மொட்டைக் கத்தியோடு வருகிறவருக்கு மூன்று நாளும் அடுப்பூதித் தேத்தண்ணி போடுகிற வேலைதான்.