அடிக்க வந்தவளுக்கு ஃப்ரைட் ரைஸ்!

கேள்வி: அக்கா, எல்லாரும் ஆஹா ஓஹோன்றாங்களேன்னு 'டோராடோரா'ங்கற ஜப்பான் அனிமே (அனிமேஷன் தொடர்) முதல் எபிசோடு பாத்தேன். ஹீரோயின் டைகா வந்ததும் வராததுமா ஹீரோ ரியூஜிய ஒரு குத்து விடுறா, கத்துறா, மரக்கத்திய தூக்கிட்டு வீடு புகுந்து அடிக்க வர்றா. இதுக்குப் பேரு ரொமான்ஸா? தொடரவா, விட்டுடவா? (கல்லூரி மாணவி)

பதில்: அந்தக் கத்தல் எனக்கும் தலைவலிதான்மா. ஆனா நீங்க அடிய பாத்துட்டு அதுக்கப்புறம் வர்ற சாப்பாட்ட விட்டுட்டீங்க. கூடப் படிக்கிற கிடாமுராவுக்கு எழுதின லவ் லெட்டர டைகா தப்பா ரியூஜி பையில வச்சிடுறா, அந்த மானம் போகக்கூடாதுன்னுதான் நடு ராத்திரி மரக்கத்தியோட வர்றா, கடைசில பாத்தா கவருக்குள்ள லெட்டரே இல்ல, போட மறந்துட்டா! அத கேட்ட உடனே இருந்த தெம்பும் போயி பசியில சுருண்டு விழுறா. வேற யாரா இருந்தாலும் அப்பவே வெளிய தள்ளி கதவ சாத்தியிருப்பாங்க, இவன் அடுப்ப பத்த வச்சு ஃப்ரைட் ரைஸ் பண்ணிப் போடுறான்.

கதையே அங்கதான் ஆரம்பிக்குது. ரியூஜிக்கு ரவுடி கண்ணு, ஸ்கூலே பாத்து ஒதுங்குது, ஆனா வீட்ல சமையல், துணி, பெருக்கித் துடைக்கிறது எல்லாம் அவன் பொறுப்பு, ஏன்னா அம்மா யாசுகோ தனியா வளத்தவங்க, ராத்திரி பார்ல வேலை பாத்துட்டு வந்து பகல்ல தூங்குறவங்க. டைகா இருக்கறது பக்கத்துலயே, இவங்க வீட்டு வெயிலயே மறைக்கிற பெரிய பில்டிங்ல, தன்னந்தனியா. பணத்துக்கு குறைச்சல் இல்ல, சோறாக்கத் தெரியாது, சிங்க் பூரா கழுவாத பாத்திரம். அத பாத்ததும் ரியூஜி முகத்த கவனிங்க, பொண்ண பாத்தப்பகூட அவ்ளோ பதறல! அவனுக்கு அவ ஃப்ரெண்ட் மினோரி மேல ஆசை, அவளுக்கு இவன் ஃப்ரெண்ட் கிடாமுரா மேல, சரி ஒருத்தருக்கொருத்தர் ஹெல்ப் பண்ணிக்கலாம்னு ஒரு டீல். ஆனா தினமும் ஒரே சட்டில சாப்பிடுறது யாருன்னு பாத்துக்கிட்டே வாங்க, லெட்டர் கொடுக்கறதெல்லாம் அப்புறம்.

5-வது எபிசோடுல அமி வந்ததும் சூடு பிடிக்கும். வெளிய தேன் சொட்டுற மாடல், உள்ள விஷம்னு தோணும், ஆனா அந்த கும்பல்ல நடக்கறது புரிஞ்ச ஒரே ஆள் அவதான், என் ஓட்டு அவளுக்கே. 19-வது எபிசோடு, கிறிஸ்துமஸ் ராத்திரி, அதுவரைக்கும் வந்துட்டு அப்புறம் விடுறதா வேண்டாமான்னு எழுதுங்க.

கேள்வி: இதோட மூலக்கதையான நாவல் படிச்சுட்டு பாக்கணுமா, பாத்துட்டு படிக்கணுமா?

பதில்: பாத்துடுங்க முதல்ல. யுயுகோ தகேமியா எழுதின மெயின் கதை 10 வால்யூம், 2006-ல ஆரம்பிச்சு 2009 மார்ச்ல முடிஞ்சுது, அனிமேயும் அதே மார்ச்லதான் முடிஞ்சுது, மொத்தம் 25 எபிசோடு. இந்த மாதிரி லைட் நாவல்ல (இளசுங்களுக்கு படத்தோட வர்ற சின்ன நாவல்) இருந்து வர்ற அனிமே பெரும்பாலும் பாதில நிறுத்திட்டு மிச்சத்த புக்கு வாங்கிப் படிச்சுக்கோன்னு கைய விரிச்சுடும், இது கடைசிவரைக்கும் கொண்டுபோய் விடுது. அதுக்கு கொடுத்த விலை, பின்பாதில அவசரம். அப்படி ஓடின இடங்கள நிதானமா தெரிஞ்சுக்க நாவல் இருக்கு, 2018-ல இருந்து இங்கிலீஷ்லயும் வந்துருக்கு, 3 கிளைக்கதை வால்யூமும் உண்டு. இயக்குநர் நகாய், திரைக்கதை ஒகாடா, கேரக்டர் டிசைன் தனகா, இதே மூணு பேர்தான் 2011-ல 'அனோஹனா'ங்கற அனிமே பண்ணி ஊரையே அழ வச்சாங்க, அதுக்கான ஒத்திகை மாதிரி இங்கயே சில சீன் இருக்கு.

கேள்வி: டைகா குரல எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கே?

பதில்: ரியே குகிமியா. வேற அனிமேக்கள்ல வர்ற ஷானா, லூயிஸ்னு வரிசையா சிடுசிடு பொண்ணுங்களுக்கே பேசினவங்க. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'ல அந்த இரும்புக் கவச தம்பி அல்ஃபோன்ஸும் இவங்கதான், நம்புங்க!

கேள்வி: வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாக்கலாமா?

பதில்: நீச்சல் குளம் வர்ற எபிசோடுல மட்டும் ரிமோட்ட கையில வச்சுக்கோங்க. மத்தபடி பாக்கலாம். ரியூஜி வளக்குற கிளி இன்கோவ பாத்து சின்னப் பசங்க பயந்தா நான் பொறுப்பில்ல, அவ்ளோ அசிங்கமான கிளிய நீங்க பாத்துருக்க மாட்டீங்க.