அழுதது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ குறுநாவலை அண்மையில் வாசித்தேன். அதில் வரும் மீனவக் கிழவன் சாந்தியாகோ வேறு யாருமல்ல, ஹெமிங்வேயேதான், அவன் பிடித்த மீன் அவருடைய படைப்பு, அதைக் குதறும் சுறாக்கள் விமர்சகர்கள் என்றார் ஒரு நண்பர். அதைக் கேட்டபின் நாவல் சிறுத்துப்போனதுபோல் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன? அடுத்து அவருடைய எதை வாசிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

நண்பர் சொல்வது பழைய வாசிப்புதான். அதற்கு முகாந்திரமும் உண்டு. 1940க்குப் பிறகு பத்தாண்டுகள் ஹெமிங்வேயிடமிருந்து நாவலே வரவில்லை. 1950இல் வந்ததை விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். (கிழித்தது நியாயம் என்றே நினைக்கிறேன், அது தன்னைத் தானே ரசித்துக்கொள்ளும் புத்தகம்.) மறு ஆண்டே கியூபாவில் இருந்தபடி சில வாரங்களில் இக்குறுநாவலை எழுதினார். 1952 செப்டம்பரில் ‘லைஃப்’ இதழ் அதை முழுமையாக ஒரே இதழில் வெளியிட்டது. இரண்டு நாட்களில் 50 லட்சம் பிரதிகள் விற்றன. 1953இல் புலிட்சர், 1954இல் நோபல். 84 நாட்கள் வெறுங்கையோடு திரும்பிய கிழவனை இதோடு முடிச்சுப் போட யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் கதையின் விதை அந்த விமர்சனங்களுக்கு மிகவும் முந்தையது. 1936 ஏப்ரலில் ‘எஸ்குயர்’ இதழில் மீன்பிடிப்பைப் பற்றி ஹெமிங்வே ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரே ஒரு பத்தி: கியூபாவின் கபான்யாஸ் பகுதியில் தனியாகப் போன ஒரு கிழவனின் தூண்டிலில் பெரிய மார்லின் மீன் சிக்கி, படகை நடுக்கடலுக்கு இழுத்துப் போகிறது. இரண்டு நாள் கழித்து, 60 மைல் கிழக்கே மீனவர்கள் அவனைக் கண்டெடுக்கிறார்கள். சுறாக்கள் தின்றதுபோக மிஞ்சியது பாதிக்கும் குறைவு. அதுவே 800 பவுண்டு. இழப்பில் பித்துப் பிடித்தவனாகக் கிழவன் படகில் அழுதுகொண்டிருக்கிறான். சுறாக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இப்போது நாவலைத் திறந்து பாருங்கள். மீட்க யாரும் வருவதில்லை. அவனே பாய் விரித்துக் கரை சேர்கிறான். முதல் சுறாவோடு ஈட்டி போகிறது, பிறகு கத்தி முறிகிறது, தடியும் போனபின் சுக்கான் பிடியை உருவி அடிக்கிறான். எங்கும் அவன் அழுவதில்லை. கட்டுரையில் இல்லாத ஒருவன்தான் அழுகிறான்: சிறுவன் மனோலின். தூங்கும் கிழவனின் கைகளைப் பார்த்துவிட்டு, காபி வாங்கப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போகிறான். அந்தக் கண்ணீரை ஒருவர் முகத்திலிருந்து எடுத்து இன்னொருவர் முகத்தில் வைக்க ஹெமிங்வேக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த இடமாற்றம்தான் எனக்கு இந்த நாவல். விமர்சகர்கள்மேல் உள்ள கோபத்தால் இதைச் செய்ய முடியாது.

ஹெமிங்வேயும், கலை வரலாற்றாசிரியர் பெரன்சனுக்கு எழுதிய கடிதத்தில், இதில் குறியீடு எதுவும் இல்லை, கடல் கடல்தான், சுறா சுறாதான் என்றார். அதை நான் முழுக்க நம்பவில்லை. கிழிந்த உள்ளங்கைகள், பாய்மரத்தைத் தோளில் சுமந்து மேட்டில் ஏறி விழுவது, கைகளை விரித்தபடி குப்புறப் படுத்திருப்பது என்று சிலுவையை அவர் கொஞ்சம் தாராளமாகவே நட்டு வைத்திருக்கிறார். நாவலில் எனக்கு உறுத்தும் பக்கங்கள் அவை.

அடுத்து நாவலுக்குப் போக வேண்டாம். 1925இல் வெளிவந்த ‘நம் காலத்தில்’ தொகுப்பின் கடைசிக் கதையை வாசியுங்கள். இரண்டு பகுதிகளாக உள்ள நீண்ட கதை. நிக் என்ற இளைஞன் மிச்சிகனில் தனியாக முகாமிட்டு ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கிறான், அவ்வளவுதான். அவன் போரிலிருந்து திரும்பியவன் என்பதைக் கதை ஓரிடத்திலும் சொல்வதில்லை. குறுநாவலைவிட எனக்குப் பிடித்தது அதுதான். வாசித்துவிட்டு எழுதுங்கள்.