“கேக்குது சார்” என்பதற்கு மேல் பேசவைப்பது எப்படி?

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் எடுக்கிறேன். முதுகலை வகுப்பில் பாதிப் பேர் நேரில் வருகிறார்கள். மீதிப் பேர் கூகுள் மீட்டில் சேர்கிறார்கள். “புரியுதா?” என்று கேட்டால் சாட்டில் “எஸ் சார்” வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கேமராவைக் கட்டாயமாக்கிப் பார்க்கலாமா?
- விரிவுரையாளர், விருதுநகர்

பதில்: கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம். ஒரே அறையில் தம்பி படிக்க, அம்மா சமைக்க, மூலையில் உட்கார்ந்து போனில் வகுப்பு கேட்கிற பிள்ளைக்கு அது தண்டனை. டேட்டாவும் வீடியோவில்தான் தீர்ந்துபோகும்.

முதலில் உங்கள் கேள்வியை மாற்றுங்கள். “புரியுதா?” என்பதற்கு “எஸ் சார்” தவிர வேறு என்ன சொல்ல முடியும்? ரேஷன் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள் அல்லவா? “உங்கள் வீட்டுக்கு எது வேண்டும், அரிசியா பணமா? ஏன்? இரண்டு வரி எழுதுங்கள்” என்று கேளுங்கள். இதற்குத் தப்பான பதில் கிடையாது, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. பணம் யார் கைக்குப் போகும், அரிசி விலை ஏறினால் என்ன ஆகும், பணம் எடுக்க எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று நீங்கள் நடத்த நினைத்ததெல்லாம் அவர்கள் வாயாலேயே வந்துவிடும்.

இரண்டு நிமிடம் எல்லோரும் எழுதட்டும், யாரும் அனுப்பக் கூடாது. நீங்கள் “சரி, போடுங்க” என்றதும் ஒரே நேரத்தில் சாட்டில் போட வேண்டும். வகுப்பில் இருப்பவர்களும் போனை எடுத்து அதே சாட்டில்தான் போட வேண்டும். முதல் ஆள் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் “சேம் சார்” என்று தப்பிப்பது இதில் நடக்காது. அப்புறம், ஒருவருக்கொருவர் நேர் எதிராக எழுதிய இரண்டு பேரைப் பேசக் கூப்பிடுங்கள். ஆன்லைனில் இருப்பவர்தான் முதலில். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். அறைக்குள் பேச்சு சூடுபிடித்துவிட்டால் வீட்டில் இருப்பவருக்கு நடுவில் நுழைய இடமே கிடைக்காது.

கூப்பிட்ட பிறகு பொறுத்திருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், 3 வினாடியாவது பொறுத்தால் பதில் நீள்கிறது, கூடுதல் பேர் தாங்களாகவே பேசுகிறார்கள் என்று கண்டார். அது நேர் வகுப்புக் கணக்கு. ஆன்லைனில் மியூட்டை எடுக்க வேண்டும், குரல் வந்து சேர வேண்டும். 10 வினாடி விடுங்கள். அந்த நேரத்தில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. உங்கள் மேஜையில் இருக்கும் லேப்டாப்புக்குக் கடைசி பெஞ்சு பேசுவது கேட்காது. வீட்டில் இருப்பவருக்கு நீங்கள் பேசுவது மட்டும் கேட்கும், எதற்குப் பதில் சொல்கிறீர்கள் என்று தெரியாது. நான் ஒரு பழைய போனை மீட்டில் சேர்த்து, பேசுகிறவர் கைக்கு மாற்றிக்கொண்டே போகச் சொல்வேன். போன் மைக் திறந்திருக்கும்போது லேப்டாப்பின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட வேண்டும், போனின் ஸ்பீக்கரும் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ‘கீ...’ என்று அலறும். போன் இல்லையா, கேள்வியை நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள்.

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் என் மகள் ஆன்லைன் டியூஷனில் சந்தேகமே கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து “கேளு, கேளு” என்று சொல்லியும் பயனில்லை.
- வாசகி, மன்னார்குடி

பதில்: பக்கத்தில் உட்காராதீர்கள், அம்மா. வீட்டில் இருப்பவர்கள் காதில் விழும்படி தப்பாகப் பேச இந்த வயதில் கூச்சமாக இருக்கும். டியூஷன் ஆசிரியரிடம் பேசி, நோட்டில் புரியாத இடத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப அனுமதி வாங்கிக் கொடுங்கள். யார் அனுப்பியது என்று சொல்லாமல் அதை வகுப்பில் விளக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே சந்தேகம் மற்றவர்களுக்கும் இருந்தது என்று தெரிந்தால் அவளுக்குத் தைரியம் வரும். “இன்னைக்குக் கேட்டியா?” என்று மட்டும் தினமும் விசாரிக்க வேண்டாம்.