அன்னாசி ஜெல்லி ஏன் உறையவில்லை?

கேள்வி: ஐந்து வயதும் எட்டு வயதுமான என் பிள்ளைகளுடன் சேர்ந்து பழ ஜெல்லி செய்தேன். ஆரஞ்சுச் சாற்றில் செய்தது உறைந்தது. ஆனால் அடியில் ரப்பர்த் துணுக்குகளைப் போலக் கட்டிகள் கிடந்தன. புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாற்றில் செய்ததோ, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் இருந்தும் தண்ணீராகவே நின்றது. ஜெலட்டின் தூள் பழையதா, அல்லது அளவு போதவில்லையா?

பதில்: அதே தூள் ஆரஞ்சில் உறைந்திருப்பதால் தூளைக் குறை சொல்ல வேண்டாம், குற்றவாளி அன்னாசிதான். ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனிலிருந்து எடுக்கப்படும் புரதம். சூட்டில் கரைந்த அதன் இழைகள் குளிரும்போது ஒன்றோடொன்று பின்னி வலையாகி, சாற்றை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்வதைத்தான் உறைதல் என்கிறோம். சமைக்காத அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்னும் நொதி அந்த இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுவதால், எத்தனை மணி நேரம் குளிரவைத்தாலும் வலை உருவாகாது. பப்பாளி, கிவி, அத்தி ஆகியவற்றிலும் இத்தகைய நொதிகள் உண்டு. சாற்றைச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசி தொல்லை தராததற்கும் அது ஏற்கெனவே சூடாக்கப்பட்டிருப்பதே காரணம்.

இந்தத் தோல்வியை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொதிக்கவைத்து ஆறவிட்ட அன்னாசிச் சாற்றை ஒரு கிண்ணத்திலும் கொதிக்காத சாற்றை இன்னொன்றிலும் ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு ஜெலட்டின் கலந்து, எது உறையும் என்று பிள்ளைகளையே முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் கிண்ணங்களைச் சாய்க்கும்போது ஒன்று குலுங்கி நிற்க, மற்றது வழிந்தோடும்.

கட்டிகளுக்குக் காரணம் வேறு. தூளை நேராகச் சூடான சாற்றில் கொட்டினால் ஒவ்வொரு உருண்டையின் வெளிப்புறமும் உடனே பசையாகி, உள்ளே ஈரம் புகாமல் தடுத்துவிடும். குளிர்ந்த சாறு சிறிதளவு எடுத்து, அதன்மேல் தூளைப் பரவலாகத் தூவி (இது சின்னவருக்கு உகந்த வேலை), ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பின்னர் அந்தக் கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து, விரல்களுக்கிடையே தேய்த்தால் நெருநெருப்பு இல்லாத வரை கரைத்து, மீதிச் சாற்றில் கலக்கலாம். ஜெலட்டினைக் கொதிக்கவிடக் கூடாது. உறையும் வலிமை குறையும். 500 மி.லி. சாற்றுக்கு 7 கிராம் தூள் சேர்த்தால் கரண்டியால் அள்ளும் பதம் வரும். நட்சத்திரம், மீன் என வடிவங்களாக வெட்டி எடுக்க 14 கிராம் வேண்டும். வெட்டும் பதத்தில் செய்வது தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், சின்னவருக்குச் சிறு துண்டுகளாக்கி, உட்காரவைத்துக் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசி சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் புரதமன்று, மாவுச்சத்தின் இனத்தைச் சேர்ந்தது. எனவே கொதிக்காத அன்னாசி கூட அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஜெலட்டினுக்கு நேர்மாறாக, இதைக் கட்டாயம் கொதிக்கவைக்க வேண்டும். புளிப்புச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் உறைவு தளர்ந்துவிடும் என்பதால், முதலில் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் காய்ச்சி, அதன்பின் வெதுவெதுப்பான சாற்றைச் சேருங்கள். குளிர்ந்த சாற்றை ஊற்றினால் அங்கங்கே திரிந்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லாமலேயே உறையும். வாயில் ஜெலட்டினைப் போலக் கரையாமல் மெல்ல நொறுங்குவதுதான் வித்தியாசம்.