கத்தி கன்னத்தில் இருக்கும்போது: சவரக்கத்தி பற்றிய கேள்வி பதில்

மடக்குச் சவரக்கத்தியால் தாமே முகச்சவரம் செய்துகொள்ளத் தொடங்கியிருக்கும் மும்பைத் தமிழ் நண்பர்கள் சிலர், காயம் படாமல் சவரம் செய்வது எப்படி என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கத்தியைப் பற்றியும் அதைத் தீட்டும் கல்லைப் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் பார்த்தவரையில், பழகிய கைக்கும் காயம் படுவது கவனம் வேறெங்கோ போன அந்த ஒரு நொடியில்தான். ஆகவே அதைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டோம்பிவலியிலிருந்து ஒருவர்: ஐயா, காலை ஏழு மணிக்கு மேல் வரும் லோக்கலைப் பிடித்தால்தான் அலுவலகம் போய்ச் சேர முடியும். குளியலறையில் நிற்கும்போதே சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது, பால்காரர் மணி அடிக்கிறார், பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள். கத்தி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தாடையில் அடிக்கடி வெட்டு விழுகிறது. என்ன செய்யலாம்?

ரயில் பிடிக்க வேண்டிய காலையில் இந்தக் கத்தியைத் தொடாதீர்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு சவரத்துக்கு 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கும் தேவையே இருக்கக் கூடாது. இரவு உணவுக்கு முன்போ, ஞாயிற்றுக்கிழமையோ வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளின் காலைக்குச் சாதாரண ரேசர் போதும். அதனால் பழக்கம் கெட்டுவிடாது.

அந்த வெட்டு எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கத்தியின் கூர் எந்தத் திசையை நோக்கி நிற்கிறதோ அந்தத் திசையிலேயே கத்தி நகரும்வரை, சரியான சாய்வில் இருக்கும் கூர் முடியை மட்டும் அறுத்துக்கொண்டு தோலின் மேல் வழுக்கிப் போகும். அதே கூர் தன் நீளவாக்கில் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் இழுபட்டாலும் தோலை அறுத்துவிடும். சமையலறையில் தக்காளியை அழுத்தாமல் இழுத்து நறுக்குவது இப்படித்தான். மணியோசை கேட்டதும் நம் தலை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது, ஆனால் கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்போது நகர்வது கத்தி அல்ல, கன்னம். கூரின் நீளவாக்கில் நகர்ந்து அறுபட்டுவிடுகிறது.

எனவே உடலுக்கு ஒரே ஒரு வரிசையைப் பழக்க வேண்டும்: எந்த ஓசை கேட்டாலும் முதலில் கத்தி முகத்தை விட்டு விலக வேண்டும், அதன் பிறகுதான் தலை திரும்ப வேண்டும். இதைக் கத்தியோடு பழக வேண்டாம். ஒரு சீப்பின் முதுகைக் கன்னத்தில் வைத்து இழுத்துக்கொண்டிருங்கள். வீட்டில் யாரையாவது எதிர்பாராத நேரத்தில் கூப்பிடவோ கதவைத் தட்டவோ சொல்லுங்கள். கை தானாக விலகும்வரை இந்தப் பயிற்சியைச் செய்த பின் கத்திக்கு வாருங்கள். அதோடு, செல்பேசியைக் குளியலறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். உள்ளே போகும் முன் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள், தாழ்ப்பாளும் போடுங்கள். கதவு திடீரெனத் திறந்து முழங்கையில் இடிப்பதைப் போல ஆபத்தானது வேறில்லை. யாராவது பேசினால், கத்தியைப் பிடித்தபடி பதில் சொல்லாதீர்கள், ஏனென்றால் பேசும்போது தாடையும் உதடும் அசைகின்றன.

தாராவியிலிருந்து ஒருவர்: அண்ணா, கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிக்க வேண்டும்? தோலை இழுத்துப் பிடித்தாலும் விரல் வழுக்குகிறது.

கத்தியின் தட்டையான பக்கத்துக்கும் தோலுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகை இருக்கட்டும். அதற்கு மேல் நிமிர்த்தினால் தோலைச் சுரண்டும். மிகவும் படுக்க வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். அழுத்தவே கூடாது. அழுத்தினால்தான் முடி போகிறது என்றால் கூர் போதவில்லை என்று பொருள். சவரத்தை நிறுத்திவிட்டுத் தோல்வாரில், அதாவது கூரைச் சீராக்கும் தோல் பட்டையில், தீட்டுங்கள். மழுங்கிய கத்தியே அதிகம் வெட்டுகிறது, ஏனென்றால் அதோடு சேர்ந்து கையின் பலமும் தோலில் இறங்குகிறது.

விரல் வழுக்காமல் இருக்க, ஈரமான படிகாரக் கல்லை விரல் நுனிகளில் தடவிக்கொள்ளுங்கள். தோலை இழுக்கும் இடத்தில் நுரை படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இழுப்பும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். முதல் முறை முடி வளரும் திசையிலேயே இழுங்கள். எதிர்ச்சவரம் சில மாதங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். முதல் சில வாரங்கள் இரு கன்னங்களை மட்டும் கத்தியால் செய்துவிட்டு, முகவாய், மேலுதடு, தொண்டைக்குழி ஆகியவற்றைப் பழைய ரேசருக்கு விட்டுவிடுவதே நல்லது. முகவாயில் எலும்பு வளைவதால் சாய்வு நொடிக்கு நொடி மாறுகிறது. வாயோரத்திலும் காதடியிலும் கத்தியின் முனை குத்துகிறது. முனை கூர்மையாக இல்லாமல் உருண்டையாக இருக்கும் கத்தியை வாங்கினால் அந்தக் கவலை குறையும்.

இன்னொன்று: கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டு விழ விடுங்கள்.

செம்பூரிலிருந்து ஒருவர்: சலூனில் பாதி பிளேடு செருகி வைத்திருக்கும் உஸ்தராவையே வாங்கிப் பழகினால் எளிதா?

எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தீட்டும் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் அது எடை குறைந்தது என்பதால் கையின் சிறு நடுக்கமும் கூருக்கு வந்துவிடும், பாதி பிளேடின் இரு மூலைகளும் தோலில் பதியும். எடையுள்ள எஃகுக் கத்தி, சரியாகத் தீட்டியிருந்தால், தன் எடையிலேயே முடியை அறுத்துக்கொண்டு போகும். சலூன்காரரின் கை நாள் முழுதும் அதிலேயே பழகிய கை. அதோடு அவர் பிறர் முகத்தை நேரே பார்த்து வேலை செய்கிறார், நீங்களோ இடம் வலம் மாறித் தெரியும் கண்ணாடியைப் பார்த்துச் செய்கிறீர்கள். தீட்டுவதற்குப் பொறுமை இல்லாதவருக்கு உஸ்தராவை விடச் சாதாரண ரேசரே பொருத்தம். சலூனுக்குப் போனால் உங்கள் கண்ணெதிரே புதுப் பிளேடு மாற்றச் சொல்லுங்கள்; ரத்தத்தின் வழியே ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் பரவக்கூடும். அதே காரணத்தால் வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே கத்தியைப் பகிர்ந்துகொள்வதும் கூடாது.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர்: தாத்தாவின் கத்தி ஒன்று பெட்டியில் கிடைத்தது. கைப்பிடியோடு சேரும் வால் பகுதியில் சோலிங்கன் என்று பொறித்திருக்கிறது. ஆங்காங்கே துரு இருக்கிறது. தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுக்க வேண்டாம். சோலிங்கன் ஜெர்மனியில் கத்தி செய்வதற்கே பெயர்பெற்ற ஊர். உங்கள் கையில் இருப்பது காப்பாற்ற வேண்டிய பொருளாக இருக்கலாம். சுழலும் சாணைச் சக்கரத்தில் மெல்லிய கூர் சூடேறி எஃகின் கடினம் போய்விடும். இந்தக் கத்தியின் முதுகும் கூரும் சேர்ந்து கல்லில் படிந்துதான் சாய்வைத் தீர்மானிக்கின்றன. சக்கரத்தில் அந்தக் கணக்கே அழிந்துவிடும். முதலில் நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் கூரைப் பாருங்கள். துரு கூரைத் தொடாமல் கத்தியின் பக்கவாட்டில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். கூரிலேயே குழி விழுந்திருந்தாலோ, மயிரிழை போல விரிசல் தெரிந்தாலோ, அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தால் தட்டையான தண்ணீர்க் கல்லில் 1000 எண்ணில் தொடங்கி 4000, 8000 என்று (எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும்) ஏறிப் போக வேண்டும். இதை அறிந்த ஒருவர் அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது.

தோல்வாரில் தீட்டுவது வேறு. அது ஒவ்வொரு சவரத்துக்கும் முன் செய்ய வேண்டியது. முதுகு முன்னே போக, கூர் பின்னே தொடர, 30 முதல் 50 தடவை மெதுவாகத் தீட்டினால் போதும். திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்டித் திருப்புங்கள், கூரின் மேல் அல்ல. வேகம் காட்டும் இடம் இதுவல்ல. கவனம் சிதறினால் வார் வெட்டுப்படும், கூரும் மடங்கும். அந்த மடங்கிய கூர்தான் பிறகு கன்னத்துக்கு வருகிறது.

முலுண்டிலிருந்து ஒருவர்: மழைக்காலத்தில் எவ்வளவு துடைத்தாலும் துருப்பிடிக்கிறதே?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் குளியலறையில் கத்தியை வைக்கவே கூடாது. கழுவித் துடைத்து, திறந்தபடியே காற்றில் உலர விட்டு, மணமற்ற கனிம எண்ணெயை மெல்லியதாகத் தடவி, அறைக்குள் அலமாரியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

வாஷியிலிருந்து ஒரு பெரியவர்: எனக்கு வயது 68. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் முகம் தெளிவாகத் தெரிவதில்லை. இதய நோய்க்காக ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். இளமையில் அப்பாவிடம் கற்ற பழக்கம். மறுபடி தொடங்க ஆசை.

உங்கள் ஆசையைப் புரிந்துகொள்கிறேன், ஐயா. ஆனால் அந்த மாத்திரை சாப்பிடும்வரை இந்தக் கத்தி வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். சாதாரணமாகச் சில நிமிடங்களில் நிற்கும் ரத்தம் உங்களுக்கு நெடுநேரம் நிற்காமல் போகலாம். மின்சார ரேசரே உங்களுக்குப் பாதுகாப்பு. அப்பாவிடம் கற்ற பழக்கத்தில் வெந்நீர்த் துணியும், பிரஷ்ஷால் அடித்த நுரையும் உண்டல்லவா? நுரை போட்டும் பயன்படுத்தக்கூடிய மின்சார ரேசர்கள் இருக்கின்றன; அப்படி ஒன்றை வாங்கினால் அந்தப் பகுதியை இழக்க வேண்டியதில்லை. கண்பார்வை மட்டுமே சிக்கலாக உள்ள மற்றவர்கள் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைச் சுவரில் பொருத்திக்கொள்ளலாம்.

ஆன்டாப் ஹில்லிலிருந்து ஒருவர்: பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாமா?

கூடாது. முடி அறுபடும் மெல்லிய ஓசை காதில் விழ வேண்டும். ஓசை மாறினால் சாய்வு மாறிவிட்டது, அல்லது கூர் குறைந்துவிட்டது.

சயானிலிருந்து ஒருவர்: இவ்வளவும் செய்தும் வெட்டிக்கொண்டால்?

முதலில் கத்தியை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். பதற்றத்தில் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே காயத்தைத் தடவிப் பார்ப்பவர்கள் விரலையும் வெட்டிக்கொள்கிறார்கள். தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு முறை எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் மறுபடி பிரிந்துவிடும். சிறு கீறலுக்கு ஈரப் படிகாரம் போதும்; அதை ஆழமான காயத்தில் வைத்துத் தேய்க்க வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காயத்தின் வாய் விரிந்திருந்தாலோ, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பாதிச் சவரத்தோடு நின்ற முகத்தை அன்றே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காயம் முழுதும் ஆறும்வரை அந்த இடத்தில் கத்தி வைக்காதீர்கள். மீதி முகத்தை மறுநாள் சாதாரண ரேசரால் முடித்துக்கொள்ளலாம்.